ரேடியோவில் ஏன் அடிக்கடி பெயரையும் பாட்டையும் மாத்துறாங்க?

அப்பாவின் காரில் ஏறுகிறீர்கள். ரேடியோ 96.8இல் இருக்கிறது. ஏதோ ஒரு பழைய பாட்டு. "இது எந்தக் காலத்துப் பாட்டுப்பா?" என்று கேட்டுவிட்டு ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். 98.7. இன்னொரு முறை அழுத்தினால் 95.0. இன்னொரு முறை, 92.0. மூன்றும் ஆங்கில நிலையங்கள். மூன்றிலும் வேறு வேறு பாட்டு.

இப்போது தமிழில் அதையே செய்து பாருங்கள். 96.8. அடுத்தது?

சிங்கப்பூரில் அடுத்தது இல்லை. பிடிக்காத பாட்டு வந்தால் ஆங்கில நேயர் நிலையத்தை மாற்றுவார். தமிழ் நேயர் அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பார். அல்லது ரேடியோவை அணைத்துவிடுவார்.

ஏன் இப்படி? வானொலி நிலையங்கள் எதை வைத்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்கின்றன? திடீரென்று ஏன் பெயரையும் பாணியையும் மாற்றுகின்றன? அதனால் உங்களுக்கு என்ன? கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

'ஃபார்மட்' என்றால் என்ன?

வானொலித் துறையில் அதிகம் அடிபடும் சொல் 'ஃபார்மட்'. ஒரு நிலையம் எந்த வகைப் பாட்டு போடும், எவ்வளவு பேசும், எந்த மொழியில் எந்தத் தொனியில் பேசும், செய்தி எப்போது வரும் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஃபார்மட்.

இந்த முடிவுகளுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நிலையம் யாருக்காக?

கடை நடத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் எல்லாமும் விற்கும் கடை ஒரு வகை. பிள்ளைகளின் காலணி மட்டும் விற்கும் கடை இன்னொரு வகை. ஃபார்மட் உள்ள நிலையம் இரண்டாவது வகை. கிஸ்92 நிலையம் 2012இல் தொடங்கியபோது பெண்களை, குறிப்பாகக் குடும்பப் பெண்களை மனத்தில் வைத்து வந்தது. 2018 ஜனவரியில் வந்த ஹாவ் எஃப்எம் 96.3, சீன மொழி பேசும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதே மாதம் வந்த மனி எஃப்எம் 89.3 வர்த்தகம், பணம் பற்றிப் பேசுவதற்கென்றே தொடங்கப்பட்டது.

இந்த மூன்று நிலையங்களையும் ஒருவரே விரும்பிக் கேட்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திட்டமே அதுதான்.

ஒரே பாட்டை ஏன் திரும்பத் திரும்பப் போடுறாங்க?

இது பலருக்கும் இருக்கும் குறை. இதற்கு விடை 1950களின் அமெரிக்காவில் இருக்கிறது.

ஒமாஹா நகரில் வானொலி நிலையம் நடத்தியவர் டாட் ஸ்டோர்ஸ். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் மக்கள் திரும்பத் திரும்ப ஒரே சில பாட்டுகளைத்தான் கேட்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார் என்று சொல்வார்கள். மக்களுக்குப் பிடித்த கொஞ்சம் பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போட்டால் என்ன? 'டாப் 40' என்ற பாணி இப்படித்தான் வளர்ந்தது.

இன்றும் பல நிலையங்களில் ஒரு மணி நேரத்தைக் கடிகார முகம் போல வட்டமாக வரைந்து பங்கு போடுவார்கள். இந்த இடத்தில் செய்தி, இந்த இடத்தில் விளம்பரம், இங்கே புதுப் பாட்டு, இங்கே போன வருடத்துப் பாட்டு, இங்கே எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டு. எந்தப் பாட்டு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதைக் கணினி மென்பொருள் கணக்குப் போட்டுத் தரும்.

பெரும்பாலானோர் வானொலியை மணிக்கணக்கில் கேட்பதில்லை. காரில் இருபது நிமிடம், சமையலறையில் அரை மணி நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றாவது வர வேண்டும் என்பதுதான் நிலையத்தின் கவலை. நாள் முழுவதும் கேட்கும் கடைக்காரருக்குத்தான் அது சலிப்பைத் தரும்.

சரி, ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாத்தணும்?

மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

முதலாவது, நேயர்களுக்கு வயதாகிறது. பலருக்கும் பள்ளி, கல்லூரிக் காலத்தில் கேட்ட பாட்டுகள்தான் கடைசிவரை ஒட்டிக்கொள்கின்றன. அதனால் 'பழைய பாட்டு' என்பதன் பொருளே நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'ரோஜா' வெளிவந்தது 1992இல். 2025இல் அதற்கு வயது 33. 1992இலிருந்து அதே 33 ஆண்டு பின்னால் போனால் 1959. சிவாஜியின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்த ஆண்டு. அதாவது, 'ரோஜா' வந்த நாளில் இளைஞர்களுக்குக் கட்டபொம்மன் எவ்வளவு பழசோ, இன்று உங்களுக்கு 'ரோஜா' அவ்வளவு பழசு. "ரஹ்மான் பாட்டு புதுசுதானே?" என்று உங்கள் அம்மா கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பழைய பாட்டு போடும் நிலையம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் 'பழைய' காலத்தை முன்னே தள்ள வேண்டியிருக்கும். தள்ளாவிட்டால் நேயர்களோடு சேர்ந்து நிலையமும் மூப்படையும்.

இரண்டாவது, விளம்பரம். வணிக வானொலி நமக்குப் பாட்டை இலவசமாகத் தருகிறது. விளம்பரதாரரிடம் நம் நேரத்தை விற்கிறது. வங்கிக்கு ஒரு வயதுக்காரர்கள் வேண்டும், குழந்தைப் பால்மாவு நிறுவனத்துக்கு வேறு வயதுக்காரர்கள் வேண்டும். "எங்களிடம் எல்லாரும் இருக்கிறார்கள்" என்று சொல்வதைவிட "30லிருந்து 45 வயதுவரை வேலைக்குப் போகும் பெற்றோர் எங்களிடம் இருக்கிறார்கள்" என்று சொல்வது விற்பனைக்கு வசதி. யார் எதைக் கேட்கிறார்கள் என்பதைக் கண்டறிய ஆய்வுகள் நடக்கும். எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று நாட்குறிப்பில் எழுதித் தருவது அதில் ஒரு முறை. அந்த எண்கள் சரிந்தால் ஃபார்மட் ஆட்டம் காணும்.

மூன்றாவது, இடப் பற்றாக்குறை. எஃப்எம் என்பது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறிய நிலம். இரண்டு அலைவரிசைகள் மிக நெருங்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். போதாக்குறைக்கு ஒரு பக்கம் ஜொகூர், மறுபக்கம் பாத்தாம். அலைகளுக்கு எல்லைச் சாவடி கிடையாது. அதனால் அலைவரிசை என்பது கட்டுப்பாட்டோடு பங்கிடப்படும் பொருள். சிங்கப்பூரில் அதற்கு உரிமம் தருவது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்.

புது எண் எளிதில் கிடைக்காது என்பதால் நிலையங்கள் இருக்கிற எண்ணிலேயே புது வேடம் போடுகின்றன.

ஒரே எண், பல முகங்கள்

91.3ஐ எடுத்துக்கொள்வோம். 1991இல் என்டியுசியின் 'ஹார்ட் 91.3' அங்கே தொடங்கியது. பிறகு அதே எண்ணில் 'டபிள்யூகேஆர்இசட்' வந்தது. பின்னர் 'ரேடியோ 91.3', 'ஹாட் எஃப்எம்', இப்போது 'ஒன் எஃப்எம்'. எண் மாறவில்லை. பெயர், பாட்டு, பேசுபவர்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்பது எல்லாம் மாறியது.

98.0இல் ஒலிக்கும் பவர் 98, 1990களில் சாஃப்ராவால் தொடங்கப்பட்டது. தேசிய சேவையாளர்களை மனத்தில் வைத்து வந்த இளமைத் துள்ளல் நிலையம். பிற்காலத்தில் அதுவே 'பவர் 98 லவ் சாங்ஸ்' என்று காதல் பாட்டு நிலையமாக உருமாறியது.

93.8 செய்திக்கும் பேச்சுக்கும் பேர்போன எண். அங்கேயும் நியூஸ்ரேடியோ, 938லைவ், 938நவ் என்று பெயர்கள் மாறி, 2019இல் சிஎன்ஏ938 ஆனது. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் ஏற்கெனவே பழகிய பெயரை வானொலிக்கும் சூட்டினார்கள்.

96.3இன் கதை இன்னும் சுவையானது. அங்கே முன்பு இருந்தது மீடியாகார்ப்பின் எக்ஸ்எஃப்எம். ஃபிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரிய மொழி நிகழ்ச்சிகளை அதில் கேட்கலாம். அந்த எண்ணில்தான் 2018இல் எஸ்பிஎச் நிறுவனத்தின் ஹாவ் எஃப்எம் குடிபுகுந்தது.

மாறும்போது யாருக்கு இழப்பு?

நிலையம் மாறுவதைப் புதுப்பொலிவு என்று விளம்பரம் சொல்லும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவர் தம் நிலையத்தை இழக்கிறார்.

லஷ் 99.5 நிலையம் 2017இல் நின்றது. உள்ளூர் இசைக்கலைஞர்களின் பாட்டுக்கும், பெரிய நிலையங்களில் அதிகம் இடம்பெறாத இசைக்கும் அது இடம் கொடுத்தது. அதைக் கேட்டவர்கள் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தன் பாட்டு முதன்முதலில் வானொலியில் ஒலிக்கக் கேட்ட உள்ளூர்க் கலைஞருக்கு அது வெறும் எண் அல்ல.

இன்னும் பின்னால் போனால் ரிடிஃப்யூஷன். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய வணிக வானொலி அது. அலைவழி வராது, கம்பிவழி வரும். மாதச் சந்தா கட்டினால் வீட்டிலோ காப்பிக்கடையிலோ பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். லீ டாய் சோ என்ற கதைசொல்லி கன்டோனீஸ் மொழியில் கதை சொல்லும்போது மக்கள் பெட்டியைச் சுற்றிக் கூடுவார்களாம்.

1979இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் ரிடிஃப்யூஷனின் சீனக் கிளைமொழி நிகழ்ச்சிகள் நின்றுபோயின. பெட்டி அதே பெட்டி, சந்தா அதே சந்தா. ஆனால் கன்டோனீஸ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டிக்கு அந்தப் பெட்டி அன்றோடு ஊமை. ரிடிஃப்யூஷன் 2012இல் ஒலிபரப்பை நிறுத்தியது.

ஃபார்மட் மாற்றம் என்பது பாட்டுப் பட்டியல் மாற்றம் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நிலையம் யாரிடம் பேசுகிறது என்பதோடு, யாரிடம் பேசுவதை நிறுத்துகிறது என்பதையும் அது முடிவுசெய்கிறது.

தமிழுக்கு ஒரே எண்

இப்போது அப்பாவின் காருக்குத் திரும்புவோம்.

ஆங்கிலப் பாட்டுக்கு 987, கிளாஸ் 95, கோல்ட் 905, கிஸ்92, ஒன் எஃப்எம், பவர் 98 என்று வரிசை நீள்கிறது. வயதுக்கு ஒன்று, மனநிலைக்கு ஒன்று. மலாய்க்கு ரியா, வார்னா என இரண்டு. இளையருக்கு ரியா, சற்று மூத்தவர்களுக்கு வார்னா என்று பிரித்துக்கொள்ள முடிகிறது.

தமிழுக்கு ஒலி 968 மட்டுமே. முன்பு 'ரேடியோ 4' என்ற எண்ணால் அழைக்கப்பட்ட தமிழ்ச் சேவைதான் இன்றைய ஒலி.

காரணம் புரியாத மர்மம் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. விளம்பரச் சந்தையை மட்டும் நம்பி இரண்டாவது தமிழ் நிலையம் தொடங்கக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் யோசிக்கத்தான் செய்வார். ஒலியில் விளம்பரம் உண்டு என்றாலும், மீடியாகார்ப்பின் பொதுச் சேவை ஒலிபரப்புக்கு அரசாங்க நிதி ஆதரவும் உண்டு.

ஒரே நிலையம் என்றால் என்ன ஆகும்? மற்ற மொழிகளில் நிலையங்களுக்கு இடையே பிரித்துக்கொள்ளும் வேலையைத் தமிழில் ஒரே நிலையம் நேரத்தால் பிரித்துக்கொள்ள வேண்டும். காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கலகலப்பு. பகலில் வீட்டில் இருப்பவர்கள், கடைகளில் வேலை செய்பவர்கள். மாலையில் வீடு திரும்புபவர்கள். இரவில் மெல்லிசை. நடுவே செய்தி, இலக்கியம், சமூக நிகழ்ச்சி, பண்டிகைக் காலச் சிறப்பு. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த ஊழியரும் கேட்கிறார், மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பமும் கேட்கிறது. எம்.எஸ்.வி. கேட்கும் தாத்தா, இளையராஜா கேட்கும் அப்பா, ரஹ்மான் கேட்கும் அக்கா, அனிருத் கேட்கும் நீங்கள் என எல்லாருக்கும் 96.8தான்.

அதனால்தான் ஒலியில் ஒரு நிகழ்ச்சியின் நேரத்தை மாற்றினாலே பேச்சு எழுகிறது. ஆங்கிலத்தில் ஒரு நிலையம் பாணியை மாற்றினால் நேயர் பக்கத்து எண்ணுக்குப் போய்விடுவார். தமிழில் பக்கத்து எண் இல்லாததால் அந்த மாற்றம் நேராக வீட்டுக்குள் வந்து விழுகிறது. இளையர் பாட்டைக் கூட்டினால் "எங்களை மறந்துட்டாங்க" என்று மூத்தவர் வருந்துவார். பழைய பாட்டைக் கூட்டினால் நீங்கள் பொத்தானை அழுத்திவிடுவீர்கள். படைப்பாளர் பேச்சில் ஆங்கிலம் கலந்தால் ஒரு பக்கம் குறை சொல்லும். கலக்காவிட்டால் "பாடம் நடத்துற மாதிரி இருக்கு" என்று இன்னொரு பக்கம் சொல்லும்.

பாலத்துக்கு அப்பால்

மலேசியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே தமிழுக்கு நாடு தழுவிய இரண்டு பெரிய நிலையங்கள். ஒன்று, அரசாங்க ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம். முன்பு அதுவும் 'ரேடியோ 6' என்று எண்ணால் அழைக்கப்பட்டதுதான். மற்றொன்று, ஆஸ்ட்ரோவின் ராகா.

ராகாவின் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதை முன்பு 'டிஎச்ஆர் ராகா' என்றார்கள். டிஎச்ஆர் என்பது 'டைம் ஹைவே ரேடியோ' என்பதன் சுருக்கம். நெடுஞ்சாலைப் பெயரோடு 1990களில் தொடங்கிய தனியார் வானொலி, பின்னர் தமிழ் நேயர்களுக்கான 'ராகா'வாக வளர்ந்தது. 2018இல் 'டிஎச்ஆர்' உதிர்ந்து வெறும் 'ராகா' ஆனது.

இரண்டு நிலையங்கள் இருப்பதால் இரண்டும் எல்லாமுமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்று பிடிக்காவிட்டால் தமிழைவிட்டு வெளியேறாமலே இன்னொன்றுக்கு மாறலாம். ஜொகூரிலிருந்து கசிந்து வரும் அலைகளால் சிங்கப்பூரின் வடபகுதியில் சிலர் அந்த வசதியை நெடுங்காலமாக அனுபவித்தும் வருகிறார்கள்.

செயலி வந்தாச்சே, எஃப்எம் எதுக்கு?

நியாயமான கேள்வி. இணையத்தில் அலைவரிசைப் பற்றாக்குறை கிடையாது. தமிழ்ப் பாட்டுக்கு எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் கிடைக்கும். உள்ளூர் நிலையங்களும் செயலிகளுக்குப் போய்விட்டன. மீடியாகார்ப் நிலையங்களை மீலிசன் செயலியில் கேட்கலாம்.

ஆனால் எஃப்எம்மை அவ்வளவு சீக்கிரம் வழியனுப்ப முடியவில்லை. சிங்கப்பூர் 1999லேயே மின்னிலக்க வானொலிச் சேவையைத் தொடங்கியது. போதிய வரவேற்பு இல்லாமல் 2011இல் அது நிறுத்தப்பட்டது. நார்வே 2017இல் நாடு தழுவிய நிலையங்களை எஃப்எம்மிலிருந்து மின்னிலக்கத்துக்கு மாற்றியது.

ஒரு வேறுபாடும் இருக்கிறது. செயலியின் பாட்டுப் பட்டியல் உங்களுக்குப் பிடித்ததையே திரும்பத் தரும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எவ்வளவு நெரிசல், புகைமூட்டம் எப்படி இருக்கிறது, தீபாவளிக்குத் தேக்காவில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் மொழியில் உங்கள் ஊர்க்காரர் சொல்ல மாட்டார். நீங்கள் தேடாத ஒரு தமிழ்ச் சொல்லும் அங்கே காதில் விழாது.

வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசும் பிள்ளைக்கு, வகுப்பறைக்கு வெளியே பெரியவர்கள் இயல்பாகத் தமிழில் பேசிச் சிரிப்பதைக் கேட்கும் இடங்கள் குறைவு. வானொலி அவற்றில் ஒன்று.

அப்போ நீங்க என்ன செய்யலாம்?

முதலில், கேட்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபார்மட்டைத் தீர்மானிப்பது நேயர்கள் யார் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் இளையர் இல்லை என்றால் இளையருக்கான நேரமும் சுருங்கும். நேரம் சுருங்கினால் இளையர் இன்னும் குறைவார்கள். 'பழைய பாட்டுதான் போடுறாங்க' என்று நாம் போய்விட்டால், பழைய பாட்டு கேட்பவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

இரண்டாவது, பேசலாம். நிலையங்களுக்குச் சமூக ஊடகப் பக்கங்கள் இருக்கின்றன. பாட்டு கேட்டுச் செய்தி அனுப்பலாம். எந்த நிகழ்ச்சி பிடிக்கிறது, எது சலிக்கிறது என்று எழுதலாம். ஆறு நிலையங்கள் உள்ள மொழியில் உங்கள் குரல் ஆறில் ஒரு நிலையத்துக்குத்தான் போகும். தமிழில் அது நேராக ஒரே இடத்துக்குப் போகிறது.

மூன்றாவது, அடுத்த முறை காரில் பழைய பாட்டு வந்தால் பொத்தானை அழுத்துமுன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இந்தப் பாட்டு வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?"

அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும். அடுத்தது உங்கள் பாட்டாக இருக்கலாம். அப்போது "இது என்ன பாட்டு, வெறும் சத்தமா இருக்கு" என்று பொத்தானை நோக்கி அவர் கை நீளும். விடாதீர்கள்.